உங்களுக்குத் தெரியுமா? – வாழ்க்கை வரலாறுகள் பிழைத்த வரலாறு

ஒருவருடைய வாழ்க்கைக் கதையைக் கையில் எடுத்தால், எங்கே பிறந்தார், என்ன சாதித்தார் என்று பார்ப்பது வழக்கம். எனக்கு அதோடு இன்னொன்றும் தெரிந்தாக வேண்டும். அந்தக் காகிதம் எப்படிப் பிழைத்தது? எழுதிய கை எது, ஒளித்து வைத்த கை எது, பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிய கை எது? அப்படித் தேடிக் குறித்து வைத்தவற்றில் சில இந்த இதழில். இதில் வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு முறையாவது படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மழையில் நனைந்த தாள்கள்

முகலாய அரசை நிறுவிய பாபர் தன் கதையைத் தானே எழுதியவர். பாரசீகத்தில் அல்ல, தாய்மொழியான சகதாய் துருக்கியில். பன்னிரண்டு வயதில் பெர்கானாவுக்கு அரசனானதிலிருந்து தொடங்குகிறது அந்த ‘பாபர்நாமா’. 1529இல் கிழக்கே படையோடு போயிருந்தபோது, ஓர் இரவு அவர் எழுதிக்கொண்டிருக்கையிலேயே புயல் வந்து கூடாரம் தலைமேல் சரிந்தது. நனைந்து சிதறிய தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கம்பளித் துணியில் சுற்றி வைத்து, பிறகு தீ மூட்டி, கிட்டத்தட்ட விடியும் வரை காயவைத்தார்கள். இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். பானிப்பட்டில் ஜெயித்தவர் நனைந்த தாள்களுக்காக ஓர் இரவு கண்விழித்தார் என்பது எனக்குப் பானிப்பட்டை விடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

இந்துஸ்தானத்தில் நல்ல முலாம்பழம் இல்லை, திராட்சை இல்லை, பனிக்கட்டி இல்லை என்று அவர் அடுக்கும் குறைகளைப் பலரும் கேட்டிருப்பார்கள். எந்தத் தொழிலுக்கும் இங்கே கைதேர்ந்த ஆட்கள் ஏராளம், மழைக்காலத்துக் காற்று அருமை என்று அவர் மெச்சியதைச் சொல்பவர்கள் குறைவு. ஒருமுறை யாரோ கொண்டுவந்த முலாம்பழத்தை அறுத்துத் தின்றபோது, விட்டுவந்த ஊர் நினைவில் அழுதுவிட்டதாகவும் நண்பருக்கு எழுதியிருக்கிறார்.

இந்த நூலை 1589இல் பாரசீகத்தில் பெயர்த்து அக்பரிடம் கொடுத்தவர் அப்துர் ரகீம். இந்தி ஈரடிகளால் இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கும் ரகீம் இவரேதான்.

அத்தை சொன்ன பக்கம்

பாபரின் மகள் குல்பதன் பேகமும் எழுதினார். அக்பருக்கு அவர் அத்தை. தாத்தாவையும் அப்பாவையும் பற்றி நினைவிருப்பதை எழுதித் தாருங்கள் என்று அக்பர் கேட்டுக்கொள்ள, ‘ஹுமாயூன்நாமா’ பிறந்தது. பாபர் இறந்தபோது குல்பதனுக்கு ஏறக்குறைய எட்டு வயதுதான். ஆனால் அரண்மனைப் பெண்கள் கேட்டது, பார்த்தது, பேசிக்கொண்டது எல்லாம் அதில் இருக்கிறது. இந்துஸ்தானத்துச் செல்வத்தைக் காபூலில் இருக்கும் சொந்தங்களுக்குப் பாபர் பங்கிட்டு அனுப்பியபோது, அசஸ் என்ற பழைய ஊழியருக்கு ஒரே ஒரு காசுதான் என்று சொல்லச் சொன்னாராம். மனிதர் மூன்று நாள் வருந்தியிருக்கிறார். பிறகு கண்ணைக் கட்டி, துளையிட்ட மிகப் பெரிய பொற்காசு ஒன்றைக் கழுத்தில் மாட்டினார்கள். போர்களை எழுதிய ஆண்களின் வரலாற்றில் இந்தச் சிரிப்பு கிடைக்காது.

இந்த நூலுக்கு இன்று அறியப்பட்டிருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் படி. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு வாக்கியத்தின் நடுவில் அறுந்து நிற்கிறது. 1902இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அனெட் பெவரிட்ஜ். பின்னர் பாபர்நாமாவையும் பாரசீகம் வழியாக அல்லாமல் நேராகத் துருக்கியிலிருந்தே பெயர்த்தார். 1942இல் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு வித்திட்ட புகழ்பெற்ற அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ் இவருடைய மகன்.

உயிரா, நூலா?

கி.மு. 99இல் லீ லிங் என்ற சீனத் தளபதி, தன் படையைப் போலப் பல மடங்கு எதிரிகளோடு போரிட்டுக் கடைசியில் சரணடைந்தார். பேரரசர் வூவின் அவையில் எல்லோரும் அவரைத் தூற்ற, அவருக்காகப் பேசியவர் அவை வரலாற்றாசிரியரான சீமா சியான். அரசரின் கோபம் அவர் மேல் திரும்பியது. தண்டனையிலிருந்து பணம் கட்டி மீளலாம். அவரிடம் பணம் இல்லை. மானமுள்ள மனிதன் அந்தக் காலத்தில் தற்கொலையைத் தேர்ந்திருப்பான். அவர் ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்றுக்கொண்டு உயிரோடு இருந்தார். காரணம், மரணப்படுக்கையில் தந்தை ஒப்படைத்த வரலாற்று நூல் முடியவில்லை.

அந்த நூலில் 130 அத்தியாயங்கள். அவற்றில் 70 தனிமனிதர்களின் வாழ்க்கைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. தளபதிகளும் அமைச்சர்களும் மட்டுமல்ல, அரசரைக் கொல்லக் கத்தியோடு போனவர்கள், வியாபாரிகள், அரண்மனை விகடகவிகள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. எழுபதாவதாகத் தன் கதையையே எழுதி முடித்தார். யாருடைய வாழ்க்கை எழுதத்தக்கது என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு விரிந்த பதில் சொன்ன இன்னொருவரை நான் அறியேன்.

சுருக்கெழுத்து

லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதினார், சுருக்கெழுத்தில். 1666இல் ஊர் பற்றி எரிந்தபோது தோட்டத்தில் குழி தோண்டித் தன் ஒயினையும் பார்மசான் பாலாடைக்கட்டியையும் புதைத்து வைத்தது உட்பட எல்லாம் அதில் உண்டு. கண்பார்வை போய்விடும் என்று பயந்து நிறுத்திக்கொண்டார். நூற்றைம்பது ஆண்டு கழித்து, ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் 1819இலிருந்து மூன்று வருடம் அந்தக் குறிகளோடு மல்லுக்கட்டி வாசித்துக் கொடுத்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் புத்தகம், பீப்ஸ் விட்டுச்சென்ற அதே நூலகத்தில்தான் இருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

புதுச்சேரியின் துபாஷி

‘இந்தியாவின் பீப்ஸ்’ என்று அழைக்கப்பட்டவர் ஆனந்தரங்கப் பிள்ளை. எனக்கு அந்தப் பட்டம் உவப்பில்லை. பிள்ளையவர்களை அளக்க இன்னொருவருடைய படி தேவையில்லை.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, தந்தையோடு புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) உயர்ந்தவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும் வரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்த சேதி, சரக்கு விலை, யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள், கவர்னரின் மனைவியோடு தனக்கு இருந்த மனஸ்தாபம், 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்ட கொடுமை எல்லாம் அன்றன்றைக்கு எழுதப்பட்டவை. தமிழும் பேச்சுத் தமிழ்தான், போர்த்துகீசும் பாரசீகமும் பிரெஞ்சும் கலந்து கடைத்தெருவில் நடமாடிய தமிழ். நம் உரைநடை எப்படிப் பேசியது என்று காதால் கேட்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

அவர் கண்மூடிய சில நாட்களுக்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாட்குறிப்பு மறந்துபோனது. 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படியெடுக்க ஏற்பாடு செய்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களுக்கு வேர் இந்த நாட்குறிப்புதான். நாவல்களைப் படித்துவிட்டு நாட்குறிப்புக்குப் போங்கள். பெயர்கள் எல்லாம் முகங்களாகிவிட்டிருக்கும், வாசிப்பு எளிதாக இருக்கும்.

விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே

ஆங்கிலத்தில் அறியப்பட்ட மிகப் பழைய தன்வரலாறு, 1934இல் ஒரு பங்களாவில் பிங்பாங் விளையாட்டுச் சாமான் தேடி அலமாரியைக் குடைந்தபோது வெளியே வந்தது! எழுதப் படிக்கத் தெரியாத மார்ஜரி கெம்ப் என்ற பெண் 1430களில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பதினான்கு பிள்ளைகள் பெற்றவர், பீர் வடிக்கும் தொழில் நடத்தி நொடித்தவர், ஜெருசலேம் வரை யாத்திரை போனவர். முதலில் எழுதியவரின் கையெழுத்து யாருக்கும் புரியாமல், ஒரு பாதிரியார் திருப்பி எழுத வேண்டியிருந்தது. நூல் முழுக்கத் தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘இந்த ஜீவன்’ என்ற பொருளிலேயே குறிப்பிடுகிறார்.

இதற்கு நான்கு வருடம் முன்பு, 1930இல், அயர்லாந்தின் மாலஹைட் கோட்டையில் குரோக்கே விளையாட்டுச் சாமான் இருக்கும் என்று திறந்த பெட்டிக்குள் ஜேம்ஸ் பாஸ்வெல்லின் கையெழுத்துப் படி கிடைத்தது. டாக்டர் ஜான்சனின் வாழ்க்கையை 1791இல் எழுதி, வாழ்க்கை வரலாறு என்ற கலைக்கே இலக்கணம் வகுத்தவர் பாஸ்வெல்.

அடுப்படியில் ஓர் ஏடு

ராசசுந்தரி தேவி, இன்றைய வங்கதேசத்துப் பாப்னா பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கல்யாணம். பெண் படித்தால் வீட்டுக்கு ஆகாது என்று நம்பிய காலம். இவருக்கோ ‘சைதன்ய பாகவதம்’ படித்துவிட வேண்டும் என்று தீராத ஆசை. ஒருநாள் வீட்டிலிருந்த அந்தச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை ரகசியமாக எடுத்துக்கொண்டார். மகன் எழுத்துப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் அடுப்படியில் ஒளித்து வைத்து, சோறு பொங்கும் நேரத்தில், சிறு வயதில் பிறந்தவீட்டுப் பள்ளியில் ஆண்பிள்ளைகள் ஓதக் கேட்டிருந்த எழுத்தோசைகளை நினைவிலிருந்து கூட்டி, எழுத்தோடு எழுத்தாகப் பொருத்திப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டார். முக்காட்டுக்குள் இருந்துகொண்டு, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டு.

அவர் எழுதிய ‘அமார் ஜீபன்’ – ‘என் வாழ்க்கை’ – வங்க மொழியின் முதல் தன்வரலாறுகளில் ஒன்று. அரசர்களின் கதையைப் படித்தபோதெல்லாம் ஏற்படாத பதைப்பு, அந்த ஒற்றை ஏடு யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று அவர் பயப்படும் இடத்தில் எனக்கு ஏற்பட்டது.

மூன்றடி உயரப் பரண்

அமெரிக்காவின் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ், எஜமானனின் தொல்லைக்குத் தப்பிப் பாட்டி வீட்டுக் கூரைக்குக் கீழே ஒளிந்துகொண்டார். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். உயரமான இடத்திலேயே மூன்றடி. நிமிர்ந்து நிற்க முடியாது. அங்கே ஏறக்குறைய ஏழு வருடம் இருந்தார். பலகையில் சின்னத் துளைகள் போட்டு, கீழே தெருவில் விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலைக்கு மேலேயே இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

1861இல் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் தன் கதையை வெளியிட்டார். ஓர் அடிமைப்பெண்ணால் இப்படி எழுத முடியுமா என்று சந்தேகித்து, வெள்ளைக்காரப் பெண்மணி யாரோ எழுதிய நாவல் என்றே பலரும் ஒதுக்கினார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களைத் தேடித் துருவி, சொன்னதெல்லாம் உண்மை, எழுதியவரும் ஜேக்கப்ஸ்தான் என்று நிரூபித்தது 1980களில். ஒரு பெண்ணின் சாட்சியத்தை உலகம் நம்புவதற்கு நூற்றிருபது வருடம்!

தப்பிய வழியை மட்டும் சொல்லவில்லை

ஃபிரெடரிக் டக்ளஸ் மூன்று முறை சுயசரிதை எழுதினார்: 1845, 1855, 1881. இவ்வளவு அழகாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க மாட்டான் என்று சிலர் சொன்னதற்கு, எஜமானர்களின் பெயரையும் ஊரையும் போட்டே முதல் நூலில் பதில் சொன்னார். அதனால் பிடிபடும் ஆபத்து வந்து, அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் கப்பலேற வேண்டியதாயிற்று. அங்கே நண்பர்கள் 150 பவுன் திரட்டி அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். ஆனால் எப்படித் தப்பினார் என்பதை மட்டும் முதல் இரண்டு நூல்களிலும் சொல்லவில்லை. அதே வழியில் இன்னும் யாராவது தப்ப வேண்டியிருக்கலாம் அல்லவா? அடிமைமுறை ஒழிந்த பிறகு, மூன்றாவது நூலில்தான், ஒரு கடலோடியின் அடையாளத்தாளோடு ரயிலேறிய கதையை எழுதினார்.

குல்லாய் கொடுத்து வாங்கிய பைபிள்

இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த பழைய நூல்களில் முக்கியமானது ராபர்ட் நாக்ஸ் எழுதியது, 1681. திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் 1660இல் தந்தையோடு பிடிபட்டு, கண்டி அரசின் கைதியாக ஏறக்குறைய பத்தொன்பது வருடம் கிராமங்களில் வாழ்ந்தவர். சிறைக்கம்பி கிடையாது. ஊரைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். குல்லாய் பின்னி விற்றுப் பிழைத்தார். ஒரு கிழவரிடம் ஆங்கில பைபிள் இருப்பதைக் கண்டு, தான் பின்னிய குல்லாயைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். 1679இல் அனுராதபுரக் காடு வழியாக ஆற்றோரமாகவே நடந்து, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதியதில் அரசனைவிட, உழவையும் சமையலையும் சொல்லும் பகுதிகளே எனக்குப் பிடித்தவை.

இரண்டே கால் நூற்றாண்டு கழித்து, 1904 டிசம்பரில் கொழும்பில் வந்திறங்கினார் லெனார்ட் வுல்ஃப். சாமான்களோடு வால்தேரின் நூல்கள் 90 தொகுதி, கூட ஒரு நாய். யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கண்டி, அம்பாந்தோட்டை என்று ஆறரை வருடம் பிரிட்டிஷ் அதிகாரியாக வேலை பார்த்து, ஆட்சிசெய்வதே தவறோ என்ற மனச்சங்கடத்தோடு ஊர் திரும்பியவர். பிறகு வர்ஜீனியா வுல்ஃபை மணந்தார். அந்த இலங்கை வருடங்களின் நினைவுகள் அவருடைய சுயசரிதையின் இரண்டாம் பாகமாக 1961இல் வந்தன.

மரணத்தோடு ஒரு போட்டி

யுலிசஸ் கிராண்ட் அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்று கொடுத்த தளபதி, பிறகு எட்டு வருடம் ஜனாதிபதி. 1884 மே மாதம், தொழில்கூட்டாளி செய்த மோசடியில் ஒரே நாளில் ஓட்டாண்டியானார். ஒன்றரை லட்சம் டாலர் கடன் தந்தவருக்கு, போரில் கிடைத்த வாளையும் பதக்கங்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மனைவிக்கு எதை விட்டுப் போவது?

எழுத உட்கார்ந்தார். ஒரு பதிப்பகம் பத்து சதவீதம் தர முன்வந்திருந்தது. சேதி கேள்விப்பட்டு வந்த எழுத்தாளர் மார்க் ட்வைன், இது அநியாயம் என்று சொல்லி, லாபத்தில் எழுபது சதவீதம் தருவதாகத் தன் பதிப்பகத்துக்கே நூலை வாங்கிக்கொண்டார். விழுங்கினால் நெருப்பு, படுத்தால் மூச்சுத் திணறல். நாற்காலியில் சாய்ந்தபடியே எழுதினார், சில நாள் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். குரல் போன பிறகு சீட்டில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. 1885 ஜூலையில் கடைசித் திருத்தங்கள் முடிந்தன. சில நாட்களில், ஜூலை 23 அன்று, போய்விட்டார்.

போர்வீரர்களாக இருந்தவர்களே பழைய சீருடை அணிந்து வீடு வீடாக ஏறி இறங்கி அந்த நூலுக்கு முன்பணம் சேர்த்தார்கள். மனைவி ஜூலியாவுக்கு வந்த முதல் காசோலை 2 லட்சம் டாலர். மொத்தம் சேர்ந்தது நாலரை லட்சம் அளவுக்கு. இதில் என்னை நிறுத்திவைக்கிற ஒரு விஷயம் உண்டு. ஜனாதிபதியாக இருந்த எட்டு வருடத்தைப் பற்றி அதில் ஏறக்குறைய எதுவும் இல்லை. வலியில் மிஞ்சியிருந்த நாட்களை, தனக்கு எது முக்கியமோ அதற்கு மட்டும் செலவிட்டிருக்கிறார். நடை அவ்வளவு தெளிவு. ஒரு கட்டளை எழுதுகிறவர் போல, ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கோகோ டப்பாவுக்குள்

நெல்சன் மண்டேலாவின் சுயசரிதை 1994இல் வெளியானது. அதன் முதல் வடிவம் 1970களின் நடுவில் ராபன் தீவுச் சிறையில், இரவில் எழுதிப் பகலில் தூங்கி, ரகசியமாக உருவானது. சக கைதிகளான வால்டர் சிசுலுவும் அகமது கத்ராடாவும் படித்து ஓரத்தில் குறிப்பெழுதுவார்கள். லாலு சீபாவும் மாக் மகாராஜும் அதைப் பொடி எழுத்தில் படியெடுப்பார்கள். விடுதலையான மகாராஜ், தன் நோட்டுகளின் அட்டைக்குள் செருகி அந்தப் படியை வெளியே கொண்டுபோனார். மூலத்தைக் காலி கோகோ டப்பாக்களில் அடைத்துச் சிறை முற்றத்தில் புதைத்தார்கள். சுவர் கட்டத் தோண்டியபோது அது அகப்பட்டது. மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவருக்கும் தண்டனையாகப் படிக்கும் உரிமை நான்கு வருடம் பறிபோனது.

படிக்காமல் காத்தவர்

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு தெரியாதவர் குறைவு. ஆனால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு சிறுமி சும்மா கிறுக்கியது அல்ல. 1944 மார்ச்சில், போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள் என்று டச்சு அமைச்சர் ஒருவர் லண்டன் வானொலியில் பேசியதைக் கேட்டு, புத்தகமாக்கும் எண்ணத்தோடு ஆன் தானே முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினாள். ஆகஸ்ட் 4 அன்று, ஒளிந்திருந்தவர்களை நாஜிகள் பிடித்துப் போனார்கள். தரையில் கிடந்த தாள்களைச் சேகரித்து மேசை இழுப்பறையில் வைத்துக் காத்தவர், அவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்திருந்தால், உதவியவர்களின் பெயர்கள் இருந்ததற்காகவே எரித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார்.

ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்ட பிரீமோ லெவியின் நூலையோ பெரிய இத்தாலியப் பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. 1947இல் ஒரு சின்னப் பதிப்பகம் 2,500 படிகள் அச்சிட்டது. விற்காமல் கிடங்கில் கிடந்த சுமார் 600 படிகள், 1966 ஃபிளாரன்ஸ் வெள்ளத்தில் போயின. அதற்குள் நல்லவேளையாக, மறுத்த பதிப்பகமே 1958இல் மறுபதிப்பு போட்டிருந்தது.

ரயிலடியில் தொலைந்தது

‘அரேபியாவின் லாரன்ஸ்’ எழுதிய போர் நினைவுகளின் முதல் வரைவில் பெரும்பகுதி, 1919இல் இங்கிலாந்தின் ரெடிங் ரயில் நிலையத்தில் பையோடு காணாமல் போனது. தொலைந்ததை நினைவிலிருந்தே திரும்ப எழுதினார்.

இடது கண்ணிமை

பாரிஸ் பத்திரிகை ஆசிரியர் ழான்-தொமினிக் போபி 1995 டிசம்பரில் பக்கவாதத்தால் வீழ்ந்தார். புத்தி தெளிவு, உடம்பு அசையாது. இடது கண்ணிமை மட்டும் இமைக்கும். எழுத்துகளை அதிகம் பயன்படும் வரிசையில் உதவியாளர் வாசிப்பார். வேண்டிய எழுத்து வரும்போது போபி இமைப்பார். எழுத்தெழுத்தாக, சொல் சொல்லாக, ஒரு முழுப் புத்தகம். விடிகாலையில் பக்கத்தை மனதிலேயே எழுதித் திருத்தி மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வாராம். 1997 மார்ச்சில் நூல் வந்தது. சில நாட்களுக்குள் இறந்தார்.

சத்தியசோதனையில் தண்டி இல்லை

ஆம், இல்லை. காந்தி அதை 1925 முதல் 1929 பிப்ரவரி வரை ‘நவஜீவன்’ வார இதழில் குஜராத்தியில் தொடராக எழுதினார். உப்பு யாத்திரை 1930இல். கதையையும் அவர் 1920 வாக்கிலேயே நிறுத்திவிட்டார். அதற்குப் பிந்தைய வாழ்க்கை ஊரறிந்தது என்பது அவர் சொன்ன காரணம்.

பாதிக் கதை

இந்திய மொழிகளின் முதல் தன்வரலாறு என்று பலர் கருதுவது, பனாரசிதாஸ் என்ற சமண வியாபாரி 1641இல் எழுதிய ‘அர்த்தகதானக்’. பொருள்: பாதிக் கதை. மனிதனின் முழு ஆயுள் 110 என்று கணக்கு, தனக்கு அப்போது 55, ஆகவே பாதி! அக்பர் இறந்த சேதி ஜோன்பூருக்கு வந்தபோது மயங்கிப் படியிலிருந்து உருண்டு நெற்றியை உடைத்துக்கொண்டதும், ஊரே நகைகளைப் புதைத்துவிட்டு முரட்டுத் துணி உடுத்தியதும் அதில் இருக்கிறது. ஆக்ராவில் முதலெல்லாம் தொலைத்துவிட்டு, மாதக்கணக்கில் ஒரு கச்சோரிக்கடைக்காரரிடம் கடனுக்குச் சாப்பிட்டதும் இருக்கிறது. கையில் காசில்லை என்று உண்மையைச் சொன்னபோது, பரவாயில்லை சாப்பிடு என்றார் அந்தக் கடைக்காரர். பெற்ற ஒன்பது பிள்ளைகளும் இறந்தார்கள் என்பதையும், தன் குணங்களையும் குற்றங்களையும் பட்டியலாக எழுதி முடித்தார். மறுபாதி இல்லை. சில ஆண்டுகளில் காலமானார்.

122இல் நின்றது

நம் பக்கத்தில் பாதியில் நின்றது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடர் தொடங்கியபோது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. உத்தமதானபுரத்து அக்கிரகாரம், சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஊர் ஊராகக் குடும்பத்தை நகர்த்திய தந்தை, படிக்க வேண்டும் என்ற ஒரே பசி, கடைசியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நிழல். தன் கதையை எழுதுவதற்கு முன்பே, 1933, 34இல், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதி முடித்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். வெங்கடராமன் என்ற பெயரைவிட வீட்டில் கூப்பிடும் சாமிநாதன்தான் நன்றாக இருக்கிறது என்று நிலைக்க வைத்தவரும் அந்த ஆசிரியர்தான்.

1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போன இடம், நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று தான் படித்ததையெல்லாம் அடுக்குகிறார் இளம் ஆசிரியரான சாமிநாதையர். முதலியார் முகத்தில் மலர்ச்சியே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. தனக்குத் தெரியாதது ஒரு கடலளவு இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒருவர் உணர்ந்ததை, அறுபது வருடம் கழித்து, ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஏழு வருடத்தில், 1887இல், சீவகசிந்தாமணி அச்சேறியது.

வாராவாரம் வந்த தொடர் 122 அத்தியாயம் வரை போனது. உலகப் போர் பயத்தில் சென்னை காலியானபோது ஐயர் திருக்கழுக்குன்றம் போய்த் தங்கினார். 1942 ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். சரித்திரம் 1890களின் இறுதியோடு நின்றிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்ததும், பெருங்கதையும் குறுந்தொகையும் அச்சேறியதும் அவர் வாயால் நமக்குக் கிடைக்கவில்லை. கூடவே இருந்து உதவிய கி.வா. ஜகந்நாதன் ‘என் ஆசிரியப்பிரான்’ எழுதினார். ஆசிரியருக்கு ஐயர் செய்ததை, ஐயருக்கு அவருடைய மாணவர் செய்தார்.